தாயின் ஈரலும் சேயின் நலமும்

மஞ்சள் காமாலை என்ற சொல்லைக் கேட்டதும் நம் கிராமத்து மக்களின் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று கண்ணின் மஞ்சள் நிறம், மற்றொன்று கீழாநெல்லி. கண் வெளுத்துவிட்டால் வியாதி நீங்கிவிட்டது என்பது பொதுவான நம்பிக்கை. ஈரலைப் பற்றும் வியாதிகள் யாவும் இவ்விதம் வெளிப்படையாக வந்து வெளிப்படையாகப் போவனவாயின் டாக்டர்களின் வேலை எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும். ஆனால், கண்ணில் மஞ்சளே காட்டாமல், பசியையும் பெரிதாகக் குறைக்காமல், 20 ஆண்டுகள் வரை ஒருவரது ஈரலில் குடியிருக்கக்கூடிய வியாதி ஒன்று உண்டு. ‘சி’ வகை ஈரல் அழற்சி என்று மருத்துவர் அதனைக் கூறுவர். அதனை உடலில் தாங்கியிருக்கும் பெண் கருவுற்றால், அவளுக்கும் பிறக்கும் சிசுவுக்கும் நேர்வது என்ன என்பதையும், கிராமப் பணியில் ஈடுபட்டுள்ள நாம் அதில் கவனிக்க வேண்டுவது யாது என்பதையும் இங்கு எழுத விழைகிறேன்.

ஈரல் அழற்சியை உண்டாக்கும் வைரஸ் கிருமிகளை ஏ, பி, சி, டி, இ என ஐந்து வகையாகப் பிரித்துள்ளனர். இவற்றுள் ‘ஏ’, ‘இ’ என்ற இரண்டும் அசுத்தமான குடிநீராலும் உணவாலும் பரவுவன. ‘இ’ வகை கர்ப்பிணிகளுக்குப் பெரும் எமன். கடைசி மூன்று மாதங்களில் அது பற்றுமாயின் 100 பேரில் 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஊராட்சியின் குடிநீர்த் தொட்டியைக் கழுவிக் குளோரின் இடும் ஊழியர், தாம் தாய்மார்களின் உயிரைக் காக்கும் பணியைச் செய்கிறோம் என்பதை அறிந்திருப்பாரா என்பது ஐயமே. அவரிடம் இதனைச் சொல்லி வைப்பது நல்லது. ‘பி’, ‘சி’ என்ற வகைகளோ நீரால் பரவுவன அல்ல. இரத்தத்தின் வழியே முக்கியமாகப் பரவுவன. ‘பி’ வகைக்குத் தடுப்பூசி உண்டு. முற்றிலும் அகற்றும் மருந்து இல்லை. ‘சி’ வகைக்குத் தடுப்பூசி இல்லை. முற்றிலும் அகற்றும் மருந்து உண்டு. இந்த ஒரு வேற்றுமையை மனத்தில் இருத்திக்கொண்டால் மேலே கூறுபவை எளிதில் விளங்கும்.

‘சி’ வகைக் கிருமி 1989-ஆம் ஆண்டில்தான் கண்டறியப்பட்டது. அதற்குமுன் ‘ஏயும் அன்று, பியும் அன்று’ என்னும் பெயராலேயே இந்த நோய் வழங்கிற்று. இதன் ஆராய்ச்சிக்காக ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹோட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவருக்கு 2020-இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது. உலகில் சுமார் 5 கோடி மக்கள் இக்கிருமியைத் தாங்கியிருப்பதாகவும், 2022-இல் மட்டும் ஏறத்தாழ 2,42,000 பேர் இதனால் மாண்டதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. கிருமி புகுந்தவர்களில் 100-க்கு 30 பேர் அளவில், ஆறு மாதத்திற்குள் மருந்தின்றியே அதிலிருந்து விடுபடுகின்றனர். மற்றவர்களிடம் அது தங்கிவிடுகின்றது. தங்கியவர்களில் ஒரு பகுதியினருக்கு 20 ஆண்டு அளவில் ஈரல் சுருங்கி இறுகிப்போகின்றது. சிலருக்கு ஈரலில் புற்றுநோயும் காண்கின்றது.

வைத்தியமே வழியான கதை

கிருமி எவ்வாறு உடலுள் நுழைகின்றது? சுத்தம் செய்யாத ஊசி, சோதிக்கப்படாத இரத்தம், ஒருவருக்குப் பின் ஒருவராகப் பயன்படுத்தும் சவரக் கத்தி, திருவிழாக் கடைகளில் ஒரே ஊசியால் பலருக்கும் பச்சை குத்துதல் ஆகியவை நாம் அறிந்த வழிகள். போதை மருந்தை ஊசி வழியே ஏற்றிக்கொள்வோரிடையே இது மிக விரைவில் பரவுகின்றது. எனினும், நல்லெண்ணத்துடன் செய்த வைத்தியமே நோய்க்கு வழியாக அமைந்த இரு நிகழ்ச்சிகளை நாம் சிறப்பாக அறிந்திருத்தல் வேண்டும்.

அயர்லாந்து நாட்டில் நடந்தது முதலாவது. தாயின் இரத்தம் ஆர்.எச். நெகடிவ் வகையாகவும் குழந்தையின் இரத்தம் பாசிடிவ் வகையாகவும் இருந்தால், அடுத்த குழந்தைக்கு ஆபத்து நேராதிருக்கும் பொருட்டுப் பிரசவித்த தாய்க்கு ‘ஆன்டி-டி’ என்ற ஊசி போடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். நம் ஆஸ்பத்திரிகளிலும் போடுகின்றனர். மனித இரத்தத்தின் தெளிநீரிலிருந்து செய்யப்படும் மருந்து இது. 1977-78-இல் அயர்லாந்தில், காமாலை கண்டிருந்த ஒரு பெண்மணியின் இரத்தத் தெளிநீரும் இம்மருந்தில் சேர்ந்துவிட்டது. அதனால் நூற்றுக்கணக்கான இளந்தாய்மாரின் உடலில் ‘சி’ வகைக் கிருமி புகுந்தது. 1994 வரை இது பொதுமக்களுக்குத் தெரியாது. பின்னர் நாடு முழுவதும் அத்தாய்மாரைத் தேடிப் பரிசோதித்தனர். அடுத்த குழந்தையைக் காக்கப் போட்ட ஊசி தாயையே நோயாளியாக்கிய இக்கதை, அந்நாட்டில் பெரும் விசாரணைக்கு இடமாயிற்று. ஆயினும், அதிலிருந்து மருத்துவ உலகம் ஓர் ஆறுதலான செய்தியையும் அறிந்துகொண்டது. கிருமி புகுந்து சுமார் 17 ஆண்டுகள் கழித்து ஈரலின் திசு சோதிக்கப்பெற்ற 363 பெண்களில், ஈரல் இறுகியவர் 100-க்கு 2 பேர் அளவிலேயே இருந்தனர். இளம் வயதுப் பெண்களிடம் இவ்வியாதி மெல்லவே நடைபோடுகின்றது என்பதும், சிகிச்சை செய்துகொள்ள அவர்களுக்குக் காலம் இருக்கின்றது என்பதும் இதனால் விளங்கின.

இரண்டாவது எகிப்து நாட்டின் கதை. நைல் நதிக்கரைக் கிராமங்களில் வாய்க்கால் நீரில் இறங்கும் உழவர்களை நத்தையின் வழியே பற்றும் ஒட்டுண்ணி நோய் ஒன்று வாட்டி வந்தது. அதனை ஒழிக்க 1950-களிலிருந்து 1980-களின் தொடக்கம் வரை கிராமம் கிராமமாக ஊசி மருந்து போட்டனர். திட்டம் உயர்ந்ததே, ஆனால் கண்ணாடிப் பீச்சுக்குழல்களைச் சரிவரக் கொதிக்க வைக்காமல் ஒருவருக்குப்பின் ஒருவராகப் போட்டமையால், ஒரு நோயை விரட்டச் சென்றவர்கள் மற்றொரு நோயை விதைத்துவிட்டனர். உலகிலேயே ‘சி’ வகை மிகுந்த நாடாக எகிப்து ஆனதற்கு இது பெருங்காரணம் என ஆராய்ச்சியாளர் கூறுவர். அதே நாடு 2018 அக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரை ஏழே மாதங்களில் ஏறத்தாழ 5 கோடி மக்களைப் பரிசோதித்து, நோய் கண்டவர்களுக்கு மருந்து கொடுத்ததும், 2023-இல் உலக சுகாதார நிறுவனத்தின் பாராட்டைப் பெற்றதும் நாம் மகிழ வேண்டிய செய்திகள். முகாம் நடத்துவதிலும், எத்தனை பேர் வந்தனர் என்று கணக்கு எழுதுவதிலும் ஆர்வமுடைய என்போன்ற அலுவலர்கள் முதற்பாதியை மறத்தலாகாது.

நம் கிராமங்களில் காய்ச்சலோ உடல்வலியோ கண்டால், “ஒரு ஊசி போட்டுவிடுங்கள்” என்று கேட்டு வாங்கிக்கொள்ளும் பழக்கம் இன்னும் மறையவில்லை. மாத்திரை எழுதிக் கொடுக்கும் டாக்டரைவிட ஊசி போடுபவரே கெட்டிக்காரர் என்னும் எண்ணமும் இருக்கின்றது. மாத்திரையால் தீரும் நோய்க்கு ஊசி வேண்டுவதில்லை. வேண்டிய இடத்தில், உறை பிரிக்கப்படாத புதிய ஊசியை நம் கண்ணெதிரே பிரித்துப் போடச் சொல்லும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. இதனைக் கேட்பது மரியாதைக் குறைவன்று.

கருவுற்ற காலம்

இனித் தாயின் நிலைக்கு வருவோம். ‘சி’ வகைக் கிருமியுடைய பெண் கருவுறலாமா என்பது முதற்கேள்வி. கருவுறலாம், பெரும்பாலோர் நலமாகவே பெற்றெடுக்கின்றனர். ஈரல் முன்னமே இறுகிப்போயிருப்பவர்கள் மட்டும் பெரிய ஆஸ்பத்திரியின் கண்காணிப்பில் இருத்தல் அவசியம். அவர்களுக்கு உணவுக் குழலில் புடைத்திருக்கும் இரத்தக் குழாய்கள் கர்ப்ப காலத்தில் வெடித்துக் குருதி பெருகும் அபாயம் உண்டு.

மற்றவர்களுக்கும் சில தொல்லைகள் சற்று அதிகமாகக் காண்பதாகப் பல நாட்டு ஆராய்ச்சிகள் தெரிவிக்கின்றன. குறைமாதப் பிரசவமும், எடை குறைந்த குழந்தையும் அவற்றுள் அடங்கும். இவை கிருமியால் மட்டும் விளைவனவா, வறுமை, ஊட்டக்குறைவு, போதைப்பழக்கம் ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் கூறுதல் கடினம். மற்றொரு தொல்லை தெளிவானது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் பித்தநீர் ஈரலிலேயே தேங்கி, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கடும் அரிப்பு உண்டாகும். தோலில் தடிப்பு இராது. இரவில் அரிப்பு மிகும். இது ‘சி’ வகைக் கிருமியுடைய தாய்மாரிடம் மிகுதியாகக் காண்கின்றது. சூட்டினால் வந்த அரிப்பு என்று வேப்பிலை அரைத்துப் பூசிக்கொண்டு இருந்துவிடுவது தகாது. அளவு மீறினால் சிசு வயிற்றிலேயே இறக்கவும் கூடும் ஆதலால், ஏழாம் மாதத்திற்குமேல் கை கால் அரிப்பு என்று எந்தக் கர்ப்பிணி கூறினாலும் உடனே டாக்டரிடம் அனுப்புதல் வேண்டும்.

கர்ப்ப காலத்தில் ஈரல் பரிசோதனையின் எண்கள் பெரும்பாலும் குறைந்து காணப்படும். அதனைக் கண்டு நோய் நீங்கிற்று என்று எண்ணிவிடலாகாது. கடைசி மாதங்களில் இரத்தத்தில் கிருமியின் அளவு கூடுவதும் உண்டு. பிரசவத்திற்குப் பின் மீண்டும் பரிசோதித்தாலன்றி உண்மை விளங்காது.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. ஈரல் நோய் என்றதும் உப்பில்லாப் பத்தியம், எண்ணெயில்லாக் கஞ்சி என்று நம் வீடுகளில் தொடங்கிவிடுகின்றனர். வயிற்றில் குழந்தையைச் சுமப்பவளுக்கு இது பெருங்கேடு. ‘சி’ வகைக் கிருமிக்கென்று தனிப் பத்தியம் எதுவும் இல்லை. பருப்பு, முட்டை, கீரை, பால் ஆகியவற்றை நன்றாக உண்ண வேண்டும். சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை டாக்டரைக் கேளாமல் நிறுத்தலாகாது. கீழாநெல்லி இக்கிருமியை அகற்றும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. தெரியாத சூரணங்களையும் லேகியங்களையும் கர்ப்பிணிக்குக் கொடுப்பது, ஏற்கெனவே பாரம் சுமக்கும் ஈரலின்மீது மேலும் பாரம் ஏற்றுவதாகும்.

பிரசவமும் தாய்ப்பாலும்

தாயிடமிருந்து சேய்க்கு இக்கிருமி செல்லுமா? செல்லும், ஆனால் பலர் அஞ்சுமளவு செல்வதில்லை. இரத்தத்தில் கிருமி இருக்கும் தாய்மார் 100 பேர் பெறும் குழந்தைகளில் 5 அல்லது 6 குழந்தைகளுக்கே அது பற்றுகின்றது. எச்.ஐ.வி. கிருமியும் உடன் இருப்பின் இது ஏறத்தாழ இருமடங்காகின்றது. ‘பி’ வகையோடு ஒப்பிட்டால் வேற்றுமை விளங்கும். அதில், கிருமி மிகுந்த தாய்மாரின் குழந்தைகளுக்குத் தடுப்பு எதுவும் செய்யாவிடில் 100-க்கு 90 வரை பற்றக்கூடும். பிறந்த 24 மணி நேரத்துள் போடும் தடுப்பூசியே அதனைப் பெரிதும் தடுக்கின்றது.

வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தால் கிருமி பற்றாது என்று எண்ணுவோர் உளர். அது தவறு என்று பல்லாண்டு அனுபவம் காட்டிவிட்டது. ‘சி’ வகைக் கிருமி ஒன்றையே காரணமாகக் கொண்டு அறுவைப் பிரசவம் செய்ய வேண்டுவதில்லை. பனிக்குடத்தை அவசியமின்றி முன்னதாக உடைத்துவிடாமையும், சிசுவின் தலைத்தோலில் காயம் உண்டாக்கும் கருவிகளைத் தவிர்ப்பதுமே டாக்டர்கள் கைக்கொள்ளும் விதி. பிறந்த குழந்தையின்மேல் படிந்த இரத்தத்தைச் சுத்தமாகத் துடைத்த பின்பு முதல் ஊசிகளைப் போடுவர். இத்தாய்க்கெனத் தனி அறையோ, தனிக் கட்டிலோ, தனித் தட்டோ தேவையில்லை. கையுறையும் கருவிச் சுத்தமும் எல்லாப் பிரசவத்திற்கும் ஒன்றே. யாருடைய இரத்தத்தில் என்ன இருக்கின்றது என்று எவர் முன்கூட்டி அறிவார்?

எங்கள் ஒன்றியத்தில் தாய்மார் கூட்டம் ஒன்றில் இப்பொருளைப் பற்றிச் சுகாதாரச் செவிலியர் பேசி முடித்ததும், வயது முதிர்ந்த ஓர் அம்மையார் எழுந்து, “அப்படிப்பட்ட பெண் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா, அம்மா? ஆட்டுப்பால் கொடுத்தால் ஆகாதா?” என்று வினவினார். தம் மருமகளுக்காகக் கேட்கிறாரோ, பொதுவாகவே கேட்கிறாரோ, யாரும் விசாரிக்கவில்லை, அதுவே சரியும்கூட. செவிலியர் கூறிய விடை இதுதான்: கொடுக்கலாம்; கொடுக்கவும் வேண்டும். தாய்ப்பாலின் வழியே ‘சி’ வகை பரவுவதாகக் காணப்படவில்லை. பிறந்த ஒரு மணி நேரத்துள் சீம்பால் புகட்டுவதில் இத்தாய்க்கு விலக்கு ஏதும் இல்லை. காம்பு வெடித்து இரத்தம் கசியுமானால் மட்டும், புண் ஆறும்வரை அப்பக்கத்துப் பாலைப் பீச்சிக் கொட்டிவிட்டு மறுபக்கம் கொடுக்க வேண்டும். பால் வற்றாமலிருக்கப் பீச்சுதலை நிறுத்தலாகாது. முத்தமிடுவதாலும், ஒரே தொட்டிலில் கிடத்துவதாலும், ஒரே பாத்திரத்தில் உண்பதாலும் இந்நோய் பரவாது. தாய்ப்பாலை மறுத்து ஆட்டுப்பாலும் புட்டிப்பாலும் புகட்டப்படும் குழந்தைக்கு வயிற்றுப்போக்காலும் ஊட்டக்குறைவாலும் வரும் தீங்கு, நாம் அஞ்சும் கிருமியால் வரும் தீங்கைவிடப் பெரிது, விரைவில் வருவதும்கூட.

பதினெட்டாவது மாதம்

இக்கட்டுரையில் நான் முக்கியமாகக் கூற விரும்புவது இனி வருவதே. குழந்தைக்குக் கிருமி பற்றியதா இல்லையா என்பதைப் பிறந்தவுடன் அறிய இயலாது. தாயின் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் கருவிலேயே சேய்க்குச் சென்றுவிடுவதால், சாதாரணப் பரிசோதனை முதல் ஆண்டு முழுவதும் ‘உண்டு’ என்றே காட்டக்கூடும். அது தாயின் நிழலே தவிரக் குழந்தையின் நோயன்று. ஆறாம் மாதத்தில் இப்பரிசோதனையைச் செய்து, பிள்ளைக்கும் வந்துவிட்டதென்று குடும்பமே கலங்குவது வீண். கிருமியையே நேராகக் காணும் ஆர்.என்.ஏ. பரிசோதனை வசதியுள்ள இடங்களில் இரண்டாம் மாதத்திற்குமேல் அதனைச் செய்துகொள்ளலாம். இல்லாவிடில், 18 மாதம் நிறைந்தபின் எதிர்ப்பொருள் பரிசோதனை செய்தால் ஐயம் தீரும்.

கேட்பதற்கு எளிதாக இருக்கின்றது, நடப்பதுதான் இல்லை. வசதிகள் மலிந்த அமெரிக்காவிலேயே, பிலடெல்பியா நகரில் இத்தகைய தாய்மாருக்குப் பிறந்த 537 குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்தபோது, அவர்களில் 84 குழந்தைகளுக்கே பரிசோதனை நடந்திருந்தது எனக் கண்டனர். நம் கிராமங்களில் இது தவறிப்போவதற்கு வேறொரு காரணமும் உண்டு. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்திற்குப் பெண் தாய்வீடு செல்கிறாள். பரிசோதனை நடந்தது புகுந்த ஊரில். பிரசவம் நடந்தது பிறந்த ஊரில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையுடன் திரும்பி வருகிறாள். சில குடும்பங்கள் அங்கிருந்து பின்னலாலை, செங்கல் சூளை என்று வேறு மாவட்டத்திற்கே பெயர்கின்றன. 18-ஆம் மாதத்தில் அக்குழந்தையைத் தேட வேண்டியவர் யார்? மூன்று ஊர்ச் செவிலியர்களும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று எண்ணிவிட இடமுண்டு.

இதற்குப் புதிய திட்டமோ, புதிய பதிவேடோ வேண்டியதில்லை. நம் மாநிலத்தில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் வழங்கப்படும் பிக்மி எண் எந்த ஊருக்குச் சென்றாலும் மாறுவதில்லை. முத்தடுப்பு ஊசியின் ஊக்கத் தவணையும், தட்டம்மை ரூபெல்லா ஊசியின் இரண்டாம் தவணையும் 16 முதல் 24 மாதங்களுக்குள் போடப்படுகின்றன. அவற்றுக்காகக் குழந்தை எப்படியும் வரும். அப்பொழுதே இப்பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்துவிட்டால் தனியே ஒரு நடை மிச்சம். தாயின் கையிலுள்ள அட்டையில், பிறர் பார்த்தால் விளங்காதபடி, ‘18-ஆம் மாதம் டாக்டரைக் காணவும்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் போதுமானது. நோய் உள்ளவர்களின் பெயர்ப் பட்டியல் ஊராட்சி அலுவலகத்திற்கோ வட்டார அலுவலகத்திற்கோ வரவேண்டிய தேவை சிறிதும் இல்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். பட்டியல் இருக்கும் இடத்திலிருந்து பேச்சு கிளம்பும். பேச்சு கிளம்பினால் அடுத்த தாய் பரிசோதனைக்கு வரமாட்டாள்.

கிருமி பற்றியதெனத் தெரிந்தாலும் பெற்றோர் கலங்க வேண்டுவதில்லை. இக்குழந்தைகள் மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்கின்றன. தவழ்வதும் நடப்பதும் பள்ளி செல்வதும் தடைப்படுவதில்லை. நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம், முதற் சில ஆண்டுகளில் கிருமி தானே மறைந்துவிடுகின்றது. எஞ்சியவர்களுக்கு மூன்று வயதிலிருந்து மாத்திரை மருந்து கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்துள்ளது.

தாய்க்குரிய சிகிச்சையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முற்காலத்தில் ஓராண்டு வரை ஊசி போட்டும் பாதிப்பேருக்குக் குணமாகாதிருந்த நிலை மாறி, சோபோஸ்புவிர், டக்ளாடஸ்விர் போன்ற மாத்திரைகளை 12 வாரம் உட்கொண்டால் 100-க்கு 95 பேருக்குமேல் குணமடையும் காலம் வந்துவிட்டது. இந்திய அரசு 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகவே கிடைக்கின்றன. கர்ப்ப காலத்தில் இம்மாத்திரைகளைக் கொடுப்பது இன்னும் வழக்கமாகவில்லை. சிறு அளவிலான ஆராய்ச்சிகள் நம்பிக்கை தருவனவாக உள்ளன. ரிபாவிரின் என்ற மருந்து மட்டும் கருவை ஊனப்படுத்தக்கூடியது. கணவன் உட்கொண்டாலும் மனைவி உட்கொண்டாலும் சிகிச்சை முடிந்து குறைந்தது ஆறு மாதம் வரையாவது கருத்தரிப்பதைத் தவிர்த்தல் வேண்டும்.

ஆகவே சிகிச்சைக்கு ஏற்ற காலம் கருவுறுவதற்கு முன். தவறினால், பிரசவத்திற்குப் பின் டாக்டர் குறிக்கும் காலம். ஒரு குழந்தைக்கும் மறு குழந்தைக்கும் இடையே குணமாகிவிட்ட தாயிடமிருந்து அடுத்த குழந்தைக்குக் கிருமி செல்வதற்கு வழியில்லை. குணமான பின்னரும் அசுத்த ஊசியால் மீண்டும் பற்றக்கூடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

எச்.ஐ.வி., மேகநோய், ‘பி’ வகை ஆகியவற்றுக்குக் கர்ப்பிணிகளைப் பரிசோதிப்பதுபோல், ‘சி’ வகைக்கும் எல்லோரையும் பரிசோதிப்பது எங்கும் வழக்கமாகிவிடவில்லை. ஆதலால், முன்பு இரத்தம் ஏற்றிக்கொண்டவர், சிறுநீரகக் கோளாற்றுக்கு இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்பவர், பச்சை குத்திக்கொண்டவர், அடிக்கடி ஊசி போட்டுக்கொண்டவர் ஆகியோர் முதல் மாதப் பரிசோதனையின்போது தாமே செவிலியரிடம் இதனைக் கூறுதல் நலம். முதற் பரிசோதனையில் ‘உண்டு’ என்று வந்தால், எப்போதோ கிருமி புகுந்திருந்தது என்பதே பொருள். இன்றும் இருக்கின்றதா என்பதை ஆர்.என்.ஏ. பரிசோதனையே கூறும். இருக்கின்றது என்று தெளிவானபின், கணவரையும், அவளுக்கு முன்னர்ப் பிறந்த குழந்தைகளையும் ஒருமுறை பரிசோதித்துவிடுவது நன்று. மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதினனாக இருந்தாலும் அவனை விட்டுவிடலாகாது.